பேர் சொல்லாதது ஹாம்பர்க் வந்த கதை

1

போன சனிக்கிழமை பால் வாங்கலாம் என்று எங்கள் தெருமுனைக் கடைக்குப் போனவள், தேயிலை அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பச்சை நிறத்தில் ஒரு டப்பா. திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பொடி எழுத்தில், முருங்கை இலை, விளைந்த இடம் தமிழ்நாடு, கவரைப்பேட்டை என்று போட்டிருக்கிறது. எந்தக் கவரைப்பேட்டை? கும்மிடிப்பூண்டி லோக்கலில் கொஞ்சம் கண் அசந்தால் தவறவிடுவோமே, அதே கவரைப்பேட்டைதான்!

மூன்று டப்பா எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணிடம், இது என் அண்ணி காயவைத்த இலை என்றேன். அவள், நல்லது, வார இறுதி இனிதாக அமையட்டும் என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். ஜெர்மனியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதற்கெல்லாம் கோபம் வருவதில்லை. பால் வாங்க மறந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே இந்தக் குறிப்பை நான் எழுதுவது பெருமை அடித்துக்கொள்ளத்தான். திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் இருக்கிற உங்களிடம் அடித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் அடித்துக்கொள்வது? போன வருஷம் இதே நவம்பரில், இந்த இலை மொத்தத்தையும் உலையில் போட்டு எரித்துவிடுவதாக இருந்தார்கள்.

2

நான் காக்களூர்ப் பெண். என் வீட்டுக்காரருக்கு ஹாம்பர்க் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்து இங்கே வந்தோம். எனக்கு வேலை ஒரு மூலிகைத் தேநீர்க் கம்பெனியின் கிடங்கில். வந்து இறங்கும் மூட்டைகளைப் பிரித்து, மாதிரி எடுத்து, முகர்ந்து, எழுதி, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எகிப்திலிருந்து சீமைச் சாமந்தி, சூடானிலிருந்து புளிச்சைப் பூ, எங்கெங்கிருந்தோ அதிமதுரம், சோம்பு, துளசி. முதல் நாள் அந்தக் கிடங்கில் கால் வைத்தபோது எனக்குத் திருவள்ளூர் பஜாரில் என் மாமனார் வைத்திருந்த நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அவ்வளவு வாசனையும் ஒரே மூக்கில்.

அந்தச் சந்தோஷத்தில் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த மூலிகைக்கு இந்த ஊர் வியாபாரத்தில் ட்ரோகே, பன்மையில் ட்ரோகன், என்று ஒரு பழைய பெயர் உண்டு. கிடங்கில் காது குளிரக் கேட்ட வார்த்தையாயிற்றே என்று, பள்ளிக்கூடத்தில் மகளுடைய வகுப்புப் பெற்றோர் கூடிய இடத்தில், என் மாமனார் முப்பது நாப்பது வருஷம் பஜாரில் ட்ரோகன் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். வெளியே புழங்குகிற மொழியில் அதற்குக் கஞ்சா, அபின் என்றுதான் அர்த்தமாம். என் மகள் இனியாவுக்கு அப்போது எட்டு வயது. அன்றைக்கு என் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தவள், அதற்குப் பிறகு வெளியில் என்னோடு தமிழில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் போகமாட்டேன் என்றாள். கேட்டதற்கெல்லாம் ஜெர்மனில் பதில். நான் தமிழில் திட்டினால் ஜெர்மனில் திருத்துவாள்.

3

அண்ணி என்று சொன்னேனே, அவர் என் அண்ணன் மனைவி கஸ்தூரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பாக்கெட் போடும் தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் வேலை செய்தார். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது, நாளையிலிருந்து யாரும் வரவேண்டாம் என்று கேட்டில் சொல்லிவிட்டார்கள். அண்ணி அழவில்லை. கூட வெளியே நின்ற பெண்களை அங்கேயே டீக்கடையில் உட்காரவைத்து, நமக்குச் சுத்தமாக மூட்டை போடத் தெரியும், மூட்டையில் எதைப் போடுவது என்பதை மட்டும் யோசிப்போம் என்றாராம்.

யோசித்ததில் வந்ததுதான் முருங்கை. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்த ஒரு கொட்டகையைப் பிடித்தார்கள். உப்புத் தண்ணீரில் அலசி, வலைத் தட்டில் பரப்பி, நிழலில் காயவைக்கிற வேலை. நம் ஊரில் முருங்கைக் கீரை என்றால் இரும்புச் சத்து, பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு, மூட்டு வலிக்கு ரசம். இங்கே அதையே பொடித்து, மாத்திரைக் கூட்டுக்குள் அடைத்து, ‘சூப்பர் உணவு’ என்று டப்பாவில் விற்கிறார்கள். நான் எங்கள் முதலாளியிடம் போய், எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை இருக்கிறது, இலையைப் பாருங்கள் என்றேன். அனுப்பி வைத்த மாதிரி இலை பச்சை மாறாமல் இருந்தது. சரி, முதல் சரக்கு வரட்டும், தேறினால் தொடர்ந்து வாங்கலாம் என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அண்ணி பொன்னேரி, கவரைப்பேட்டை சுற்று வட்டாரத்தில் மரம் மரமாகச் சொல்லி வைத்தார். அது தேறாவிட்டால் கொட்டகை இல்லை. கேட்டில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்கள் மறுபடியும் ஏதாவது ஒரு கேட்டில் போய் நிற்கவேண்டியதுதான்.

4

நம் ஊரில் மஞ்சள் உறை வந்தால் கல்யாணம். இங்கே மஞ்சள் உறை வந்தால் அரசாங்கம். எங்கள் கம்பெனிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மஞ்சள் உறை வந்தது. முருங்கைச் சரக்கில் எடுத்த மாதிரியில், உணவில் இருக்கக்கூடாத ஒரு வேரின் எண்ணெய்ச் சுவடு இருக்கிறது. கல்முஸ் என்ற வேர். மலிவான பொருளைக் கலந்து எடை கூட்டிய கலப்படமாக இருக்கலாம். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் சரக்கு முழுவதும் அழிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள்.

கல்முஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கிடங்கில் அது வந்ததேயில்லை. கம்பெனியிலிருந்து அண்ணிக்கு ஆங்கிலத்தில் கேள்வி போனது. இலையோடு வேறு ஏதாவது கலந்தீர்களா? இல்லை. மூட்டையில் வேறு பொருள் எதையாவது சேர்த்தீர்களா? இல்லை. அண்ணியின் மகன் தட்டச்சு செய்ய, அண்ணி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். முதலாளி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் பரிசோதனை, ஒரு பக்கம் என் அண்ணி. இரண்டில் ஒன்று பொய்.

5

மறுநாள் மத்தியான சாப்பாட்டு இடைவேளையில் அண்ணிக்குப் போன் போட்டேன். நமக்கும் இவர்களுக்கும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம். எனக்குச் சாப்பாட்டு நேரம், அங்கே விளக்கு வைத்த நேரம். காயவைத்ததிலிருந்து லாரி ஏற்றினது வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். அலசினோம், காயவச்சோம், சலிச்சோம், மூட்ட கட்டினோம் என்று பொறுமையாகச் சொன்னார். லாரி வரும்வரைக்கும் மழையில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

“மழைல செவுத்தோரம் ஓதம் ஏறிச்சு ஜெயா. பூச்சி வந்துருமேன்னு, அந்தப் பக்கத்து மூட்டைல மட்டும் துணில முடிஞ்சு அத்தப் போட்டு வச்சிருந்தோம். கட்டி அனுப்பும்போது எடுத்துட்டோம்.”

“எத்த அண்ணி?”

“அதான், பேர் சொல்லாதது. வௌக்கு வச்சாச்சுல்ல, வாயில வராது. உனக்குத் தெரியாதா இன்னா?”

எனக்குத் தெரியாமலா! வசம்பு. என்னால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் எனக்கு வெளியே பட்டப்பகல். மாமனார் கடையில் பொழுது சாய்ந்த பிறகு யாராவது வசம்பு வேண்டும் என்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டால், அவர் எடுத்துக் கொடுக்கமாட்டார். பேர் சொல்லாதது, பிள்ளை மருந்து என்று ஏதாவது சொல்லித்தான் கேட்கவேண்டும். பிள்ளைக்கு வயிறு உப்புசம் என்றால் வசம்பை விளக்குத் தீயில் சுட்டு உரசுவார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அதையே மணியாகக் கோத்துக் கையில் கட்டுவார்கள். அரிசி மூட்டையில், துணிப் பெட்டியில், ஏட்டுக் கட்டில் பூச்சி அண்டாமல் இருக்க ஒரு துண்டு. வீட்டுக்குப் பூட்டுப் போடுகிற மாதிரி அது. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் யாராவது பூட்டைச் சேர்த்துச் சொல்வார்களா? அண்ணியும் சொல்லவில்லை. அவர் எழுதின இரண்டு ‘இல்லை’யும் அவரைப் பொறுத்தவரை சத்தியம்.

கணினியில் தேடினேன். கல்முஸும் வசம்பும் ஒன்றேதான். ஆசியாவிலிருந்து துருக்கி வழியாகச் சில நூறு வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்து, குளத்தோரம் வேர் பிடித்து, இவர்களுக்கும் வயிற்று மருந்தாகி, மதுவில் ஊறி, சர்க்கரைப் பாகில் மிட்டாயாகி வாழ்ந்திருக்கிறது. பிறகு அதன் எண்ணெயில் உடம்புக்கு ஆகாத ஒன்று இருப்பது தெரிந்து, உணவில் கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். அந்த ஆகாத பொருள் நம் ஊர் வசம்பில்தான் அதிகமாம். அதைப் படித்தபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஆனால் சட்டம் நியாயம்தான். நான் இங்கே யாருக்கும் வைத்தியம் சொல்லவில்லை, உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

6

சென்னையில் சரக்கு ஏற்றிவிட்ட ஏஜெண்ட் ஒரு வழி சொன்னார். கண்டெய்னரில் இதற்கு முன்னால் வேறு யாரோ ஏற்றிய சரக்கின் வாசனை ஒட்டிக்கொண்டது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், யார் கண்டது, இன்சூரன்ஸும் கிடைக்கும் என்றார். வசம்பு போட்டோம் என்று ஒப்புக்கொண்டால், முதலில் எழுதின ‘இல்லை’ பொய்யாகிவிடும், கம்பெனி கைகழுவிவிடும் என்று பயமுறுத்தவும் செய்தார். சத்தியமாக எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது.

ஏஜெண்ட் சொன்னதை அண்ணி முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

“வேணாம் ஜெயா. பூச்சி வராம காவல் வச்சது நானு. அத்த நா வைக்கலன்னு சொன்னா, அடுத்த மூட்டைய நானே எப்படித் தைப்பேன்? எரிச்சா எரிச்சுட்டுப் போறான். உள்ளத சொல்லு.”

அதோடு இன்னொன்றும் சொன்னார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. வசம்பு போட்ட மூட்டையை மறந்துபோய் அப்படியே அரைத்துவிடக் கூடாது என்று, அதன் வாயைச் சிவப்பு நூலால் தைப்பது அவர்கள் வழக்கம். மற்றதெல்லாம் வெள்ளை நூல். முடிச்சை எடுத்த பிறகு திரும்பவும் அதே சிவப்பு நூலால்தான் தைத்தார்களாம். போனை வைத்துவிட்டுக் கிடங்குக்கு ஓடினேன். நான்தான் அந்த மூட்டைகளை இறக்கிக் கணக்கு எழுதினவள். சிவப்பைப் பார்த்தபோது வெள்ளை நூல் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டவளும் நான்தான். இப்போது பார்த்தால், பெரும்பாலும் வெள்ளை. பரிசோதனைக்கு எடுத்த மூட்டையைத் தேடினேன். சிவப்பு!

7

அலுவலகத்தில் நேரில் விளக்கம் சொல்ல ஒரு நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு நேரம் கொடுத்தார்கள். கம்பெனி சார்பில் நானே போகிறேன் என்றேன். முதலாளிக்கு மனசில்லை, ஆனால் அந்த விஷயத்தை வேறு யாராலும் சொல்லவும் முடியாது. என் ஜெர்மன் கிடங்குக்குப் போதும், அரசாங்கத்துக்குப் போதாது. வீட்டிலிருந்து யாரையாவது மொழி உதவிக்கு அழைத்து வரலாம் என்று போட்டிருந்தது. இனியா, பதினாறு வயது, காதில் பாட்டு மாட்டிக்கொண்டே, நான் வருகிறேன் என்றாள். பாசத்தில் இல்லை. நீ போய் மறுபடியும் ட்ரோகன் விற்றோம் என்று சொல்லி வைப்பாய், அதான் வருகிறேன் என்றாள்.

அதிகாரி ஐம்பது தாண்டிய அம்மாள், ஃப்ராவ் பெக்கர், அதாவது திருமதி பெக்கர், என்று பெயர்ப் பலகை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கலப்படம் என்று ஏன் முடிவு செய்யக்கூடாது என்று கேட்டார். நான் முதலில் முருங்கையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் முருங்கைக் கீரையை அநேகமாக யாரும் வாங்குவதேயில்லை, பக்கத்து வீட்டு மரத்தில் கேட்டு ஒடித்துக்கொள்வோம். அந்த வேரைத்தான் கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டும். தவிட்டில் ஏலக்காயைக் கலந்து எடை கூட்டுகிற வியாபாரி உலகத்தில் உண்டா என்று கேட்டேன். இனியா அதை மொழிபெயர்த்தாள். அம்மாளின் வாயோரம் லேசாக அசைந்தது.

தைரியம் வந்துவிட்டது எனக்கு. வேர் எதற்கு என்று நானே ஜெர்மனில் இறங்கிவிட்டேன். பூச்சிக்கு, துணிக்கு, பிள்ளைக்கு. பிள்ளைக்கா என்றார். ஆமாம், சுட்டு, உரசி, நாக்கில் தடவுவோம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. எந்தப் பிள்ளைக்கு என்று கேட்ட குரலில், அடுத்த மஞ்சள் உறை குழந்தைகள் நலத் துறையிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இனியா பதறவில்லை. எனக்குத்தான் என்றாள். ஊரில் பிறந்தேன், வயிற்று வலிக்குத் தடவினார்கள், உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தாள். பார்த்தால், அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட வசம்பு வளையல்! என் பீரோவின் அடியில் கிடந்ததை எப்போது எடுத்தாள் என்று தெரியாது. இது கலப்படம் இல்லை, காவல். எனக்குக் கட்டினதை மாமா வீட்டில் இலைக்கும் கட்டியிருக்கிறார்கள் என்று ஜெர்மனில் சொன்னாள்.

ஃப்ராவ் பெக்கர் வளையலை எடுத்து முகர்ந்தார். கல்முஸ்தான் என்றார். போலந்து எல்லைப் பக்கம் அவருடைய கிராமத்தில் பெந்தெகோஸ்தே பண்டிகைக்கு இதன் தழையை வீட்டுத் தரையில் பரப்புவார்களாம், வீடெல்லாம் இந்த வாசனைதானாம். அவருடைய அப்பா வேரைச் சாராயத்தில் ஊறப்போட்டு வயிற்று வலிக்குக் குடிப்பாராம், வயிறு வலிக்காதபோதும் குடிப்பாராம். பேச்சு இப்படிப் போனாலும் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சிவப்பு நூல் மூட்டை அத்தனையும் அழிக்கப்படும், அதில் பேச்சில்லை. வெள்ளை நூல் மூட்டைகளில் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாதிரி எடுப்போம், ஒன்றில் சுவடு இருந்தாலும் எல்லாம் போகும், சம்மதமா என்று கேட்டார். அண்ணியின் நூலை நம்பிச் சம்மதம் என்றேன்.

கடைசியாக, கோப்பில் குறிக்கவேண்டும், இந்த வேருக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இனியா என் முழங்காலைத் தட்டினாள்.

“அம்மா, சொல்லாத. அத்தை ஊருல மணி ஏழாச்சு.”

பிறகு அவரிடம் திரும்பி, மன்னிக்க வேண்டும், அங்கே இருட்டிவிட்டது, இருட்டிய பிறகு அதன் பெயரைச் சொல்லமாட்டோம், நாளைக் காலையில் போனில் சொல்கிறேன் என்றாள். ஜெர்மன் அரசாங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனது.

8

வெள்ளை நூல் மூட்டை ஒன்றில்கூடச் சுவடு இல்லை. ஒன்றில்கூட! மஞ்சள் உறைதான் வந்தது, ஆனால் உள்ளே இருந்தது விடுதலை. முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கேட்டார். சிவப்பு நூல் மூட்டைகள் எரிந்தது அண்ணிக்கு நஷ்டம்தான். ஆனால் கொட்டகை நிற்கிறது. கேட்டில் நின்ற பெண்களோடு இன்னும் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இலை இப்போது காற்றுப் புகாத டிரம்மில் இருக்கிறது. வசம்பையும் வேலையை விட்டு நீக்கவில்லை, வெளியே மாற்றிவிட்டார்கள். கொட்டகை வாசல் நிலையில், சிவப்புத் துணியில் முடிந்து தொங்குகிறது.

போன சனிக்கிழமை அந்த மூன்று டப்பாக்களையும் மேஜையில் அடுக்கி அண்ணிக்கு வீடியோவில் காட்டினேன். பார்த்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், கொட்டகைப் பெண்களை ஒவ்வொருத்தியாக இழுத்துவந்து கேமரா முன்னால் நிறுத்தினார். எல்லாம் அடங்கின பிறகு இனியாவைக் கூப்பிடச் சொன்னார். அந்த அலுவலகத்துச் சங்கதியை நான் நூறு தடவை சொல்லியும் அவருக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை.

“ஏங்கண்ணு, வௌக்கு வச்சா பேர் சொல்லக் கூடாதுன்னு ஒனக்கு யார்மா சொல்லிக் குடுத்தது? ஒங்க அம்மாவா?”

இனியா காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள். தமிழ் வகுப்பில் சேர்த்த காசெல்லாம் வீண் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெண், அண்ணியின் பேச்சிலேயே பதில் சொன்னாள்.

“யாரும் சொல்லிக் குடுக்கல அத்த. எங்க ஊட்டுல யாரும் சொல்லமாட்டாங்க. அதான் நானும் சொல்லல.”